புகையில்லாத கங்கு

ஷட்டரை முழுசா எறக்காத தாயி. ஒரு சாண் விட்டு எறக்கு. ஆங், அவ்வளவுதான். பின்சீட்டுக்காரர் முறைச்சா முறைக்கட்டும், நானும் டிக்கெட் எடுத்துத்தான் உக்காந்திருக்கேன். உனக்குக் குளிருதா? ஸ்வெட்டர் போட்டு, மப்ளர் கட்டி, கைய ரெண்டையும் கக்கத்துல வச்சுக்கிட்டு இன்னும் நடுங்குற. இதெல்லாம் ஒரு குளிரா? வெளிய பாரு. புல்லு பச்சையாத்தான இருக்கு? புல்லு வெள்ளையா நிக்கட்டும், அப்ப சொல்லு குளிருதுன்னு.

எனக்கா? எனக்குக் குளிரே கெடையாது. ஆவுடைத்தங்கத்துக்குக் குளிருதாம்னு சொன்னா எங்க லயமே சிரிக்கும். லயம்னா தெரியும்ல, எஸ்டேட்டுக்காரன் கட்டிக் குடுத்த வரிசை வீடு. எங்களுது மேல் டிவிசன். மூணாறுல இருந்து ஜீப்புல போனாலே ஒன்றரை மணி நேரம். அதுக்கு மேல மனுசன் கெடையாது, ஆனைதான். அங்கன முப்பத்தெட்டு வருசம் தேயிலைக் கொளுந்து எடுத்திருக்கேன். முப்பத்தெட்டு பனி பாத்த உடம்பு இது.

எங்க பனிய நீ பாத்திருக்க மாட்ட. மார்கழி கழிஞ்சு தை பொறக்கும் பாரு, வானம் தொடச்சு வச்ச மாதிரி இருக்கும், ஒரு மேகம் இருக்காது. அன்னைக்கே தெரிஞ்சுபோகும், நாளைக்கு விழுந்துரும்னு. விடிஞ்சு பாத்தா புல்லு, தகரம், கொடியில போட்ட துணி எல்லாம் வெள்ள. சேலைய எடுத்தா பலகையாட்டம் நிக்கும். பைப்புல தண்ணி வராது. வென்னி வச்சு பைப்பு மேல ஊத்துனாத்தான் சொட்டும். தேங்காண்ணெ பாட்டில அடுப்பு மேல காட்டணும். மாவு பொங்காது, சட்டியோட கம்பளியில சுத்தி அடுப்படியில வைப்போம், பிள்ளைய வைக்கிற மாதிரி. கோழிக்கூட தொறந்தா ரெண்டு கோழி வெறச்சுக் கெடக்கும். வெயில் ஏறுச்சுன்னா கொளுந்தெல்லாம் தீயில வாட்டுனாப்புல கருகிப்போகும். பனியில கருகுமான்னு கேப்ப. கருகும் தாயி. எங்க ஊர்ல பனியும் சுடும்.

நீ என்ன வேலை பாக்க? டீச்சரா! நல்லாயிரு. என்ன பாடம்? சயின்ஸா. சரி சரி.

நான் எங்க போறேன்னா, உடுமலைக்கு. மகன் வீட்டுக்கு. கோமதிநாயகம்னு பேரு, மில்லுல வேலை. பேரன் பொறந்திருக்கான், இன்னைக்கு முப்பதாம் நாள், பேர் விடுறாங்க. இந்தா பாரு பையில, பழத்துக்கு அடியில, கம்பளி. பிள்ளைக்குன்னே வாங்குனது, என்ன மெதுவா இருக்கு பாரு. உடுமலையில எதுக்கு மதினி கம்பளின்னு பக்கத்து வீட்டுச் செல்லக்கனி சிரிக்கா. சிரிச்சுட்டுப் போறா. வெறுங்கையோடவா போகச் சொல்ற?

ஒன்பது வருசம் ஆச்சு தாயி, அவன் மூஞ்சியப் பாத்து. சண்டையா? சண்டைன்னு என்ன சண்டை. நான் ஒரு வார்த்தை பேசல, அவன் ஒரு வார்த்தை பேசல. பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு எறங்கிப் போனான், போனவன்தான். போன வாரம் திடுதிப்புனு போன் பண்றான். "அம்மா, பேர் விடுறோம், நீ வா"ன்னான். எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. அடுத்தாப்புல ஒண்ணு சொன்னான் பாரு. "வந்ததும் அவ அப்பா அம்மா முன்னாடி ஒரு வார்த்தை சொல்லணும். அன்னைக்கு அவ கதவத் தொறந்தது தப்பில்லைன்னு சொல்லணும். வேற ஒண்ணும் நான் கேக்கல. அதச் சொல்லிட்டு பேரனத் தூக்கிக்கோ"ங்கிறான்.

பெத்த மகன்! வாசல்ல நிக்க வச்சு, சம்பந்திக்காரங்க முன்னால, பரிச்சை வைக்கிறான் எனக்கு. நீயே நியாயத்தச் சொல்லு. நீ சொல்லாட்டாலும் சரி, கேளு.

மருமக பேரு செண்பகவல்லி. கோவில்பட்டிப் பக்கம், கரிசக்காட்டுப் பிள்ளை. கல்யாணம் ஆகி மலை ஏறுன அன்னைக்கே வாய் கிட்டிப்போச்சு அவளுக்கு. ரெண்டு சாக்ஸ், அது மேல இவன் சாக்ஸ் ஒண்ணு. அடுப்ப விட்டு நகர மாட்டா. "ஏளா, அடுப்புக்குள்ளயே ஏறி உக்காந்துக்கோயேன்"னு கேலி பண்ணுவேன். பாவம், சிரிப்பா. நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளை இல்லைன்னு நான் என்னைக்கும் சொன்னதில்ல. குளிர் தாங்காத பிள்ளை, அவ்வளவுதான் நான் சொல்றது.

அவளுக்கு மார்கழியில பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு. எஸ்டேட் ஆஸ்பத்திரியில பொறந்து வீட்டுக்கு வந்த வாரம், என் ஆயுசுல பாக்காத பனி. பதினோரு நாள் விடாம விழுந்துச்சு. கொளுந்து பூரா கருகி வேலையே இல்ல. பெருசுக ரெண்டு பேரு போய்ச் சேந்தாங்க. அவ அம்மா ஊர்ல இருந்து வந்தவ நாலு நாள் இருந்தா, அஞ்சாம் நாள் இருமி இருமி, "மதினி, நீங்களே பாத்துக்கோங்க, எனக்கு இங்க முடியாது"ன்னு எறங்கிட்டா. பாத்துக்கோ. பெத்தவ எறங்கிட்டா. நான்தான் பாத்தேன்.

எப்படிப் பாத்தேன் தெரியுமா? முன்ரூம்ப பிள்ளை பெத்த ரூம்பா ஆக்குனேன். எங்க ஊர்ப்பக்கம் வழக்கம் அதுதான், பச்சை உடம்புக்காரிக்கு முப்பது நாளைக்குக் காத்து படக்கூடாது. சன்னலச் சாத்தி, சந்துல எல்லாம் சாக்குக் கிழிச்சுத் திணிச்சேன். கதவடியில உரச்சாக்க மடிச்சு வச்சேன். அந்த வருசந்தான் கம்பெனி தகரம் மாத்திக் குடுத்திருந்துச்சு. மேல பலகை அடிச்சு, பழைய சிம்னிய எடுத்து அடைச்சு, சும்மா சொல்லக்கூடாது, பொட்டி மாதிரி ஆக்கிக் குடுத்திருந்தாங்க. ஒரு பொட்டுக் காத்து வராது. பழைய தகரத்துக்கும் செவுத்துக்கும் நடுவுல கை நுழையும், நரி நுழையும். நாயகத்த நான் பெத்தது அந்தக் காத்துலதான்.

அப்புறம் கங்குச் சட்டி. அதுல நான் கெட்டிக்காரி. விறகக் கொண்டு போயி ரூம்புல வச்சா புகை, பிள்ளைக்குக் கண்ணெரியும், இருமும். அதனால மரக்கரி. அதையும் அப்படியே வைக்க மாட்டேன். வெளிய வச்சு, விசிறி, புகை பூராம் போயி, செவசெவன்னு கங்கா ஆனப்புறந்தான் உள்ள கொண்டு போவேன். மணைப்பலகைய கட்டிலுக்கு அடியில போட்டு, அது மேல சட்டி. ஒரு இழை புகை வராது. நாயகத்துக்கும் இதே சட்டிதான், இதே கைதான். முப்பது நாளும் வச்சேன், கல்லாட்டம் வளந்தான். அந்த லயத்துல எத்தனை பிரசவத்துக்கு நான் கங்கு போட்டுக் குடுத்திருக்கேன் தெரியுமா? "ஆவுடைக்கா கங்கு"ன்னு கேட்டு வாங்கிட்டுப் போவாங்க.

இவ என்னன்னா ரெண்டாம் நாளே, "அத்தை, தல வலிக்கி, கெறக்கமா வருது, கதவ லேசாத் தொறந்து வைக்கவா"ங்கிறா. வெளிய புல்லு வெள்ளையா நிக்கி! "ஏளா, பச்சை உடம்புக்காரி, உனக்குச் சீதம் ஏறுனா பாலு வழியாப் பிள்ளைக்குப் போகும், வாய மூடிக்கிட்டு படு"ன்னு சத்தம் போட்டேன். போடாம? பிள்ளை எங்க வம்சம்ல. மறுநாளும் சொன்னா. வாந்தி வருதுன்னா. பிள்ளை பெத்தவளுக்கு ஆயிரம் வரும். மிளகு ரசம் வச்சுக் குடுத்தேன்.

இது மறையூரா? கரும்பு தெரியுதே, மறையூர்தான். குளிர் கொறஞ்சிருச்சு பாத்தியா. இல்ல, இல்ல, ஷட்டர் அப்படியே இருக்கட்டும்.

இருபத்தோராம் நாள். நாயகத்துக்குப் பேக்டரியில ராத்திரி சிப்டு. நான் அடுக்களையில படுத்திருந்தேன். நாலு மணிக்கு எந்திரிச்சு, இவங்க சூடு ஆறிரக்கூடாதேன்னு புதுசா கங்கு போட்டு, கட்டிலுக்கு அடியில மாத்தி வச்சுட்டு வந்தேன். அந்தக் குளிர்ல எவ எந்திரிப்பா? நான் எந்திரிச்சேன். ரெண்டும் நல்லா தூங்கிட்டிருந்துச்சு. அஞ்சரை மணிக்குக் கொல்லைப்பக்கம் போயி பைப்புக்கு வென்னி ஊத்திக்கிட்டிருக்கேன், முன்வாசல்ல தடால்னு சத்தம். ஓடி வந்து பாத்தா கதவு ஆன்னு தொறந்து கெடக்கு. இவ நெலைப்படியில குப்புறக் கெடக்கா, பாதி உள்ள, பாதி வெளிய. வாயெல்லாம் வாந்தி. பேச்சு மூச்சு இல்ல. பனிக்காத்து வீட்டுக்குள்ள போயிருக்கு. பிள்ளை உள்ள கட்டில்ல கெடந்துச்சு.

நான் போட்ட கூப்பாட்டுல லயம் பூரா வந்துருச்சு. செல்லக்கனியும் அவ வீட்டுக்காரரும் இவளத் தூக்கி ஜீப்புல போட்டாங்க. நான் உள்ள போயி பிள்ளைய எடுத்தேன்.

செத்துப்போச்சு தாயி. ஆனா பாத்தா செத்த பிள்ளைன்னு சொல்ல மாட்ட. முகம் செவசெவன்னு, கன்னமெல்லாம் ரத்தம் பாஞ்சு, ஒதடு கோவப்பழம். அவ்வளவு கதகதப்பா வச்சிருந்தேன்ல நான். எல்லாரும் சொன்னாங்க, தூங்குற பிள்ளை மாதிரி இருக்கேன்னு. எஸ்டேட் ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் அதையே உத்து உத்துப் பாத்தாங்க. "குளிர்ல போற பிள்ளை நீலம் பாரிக்கும், இது செவந்திருக்கே. வீட்டுக்குள்ள அடுப்பு, கரி ஏதாவது வச்சிருந்தீங்களா"ன்னு கேட்டாங்க. இல்லம்மான்னேன்.

ஏன் அப்படிப் பாக்க? இல்லைன்னு சொன்னது பொய் இல்ல. அவங்க கேட்டப்ப இல்லதான். பிள்ளையத் தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடியே சட்டியக் கொல்லைப்பக்கம் கொண்டு போயி கொட்டி, கழுவிக் கவுத்திட்டேன். சாக்கையெல்லாம் உருவி எடுத்துட்டேன். துக்கம் விசாரிக்க நாலு பேரு வர்ற வீடு, சுத்தமா இருக்க வேண்டாமா?

பிறகு லயத்துல பேசிக்கிட்டாங்க. பனியில கதவத் தொறந்து போட்டு பிள்ளையக் கொன்னுட்டா, கரிசக்காட்டுக்காரிக்குப் புத்தி இவ்வளவுதான்னு. வேலைக்குப் பேர் குடுத்து மஸ்டர் போடுற எடத்துல, கடையில, எல்லா எடத்துலயும் இதே பேச்சு. அவ அம்மாக்காரி ஊர்ல இருந்து வந்தவ, ஆஸ்பத்திரி வாசல்ல வச்சு பளார்னு ஒண்ணு வச்சா மக கன்னத்துல. "பாவி, பிள்ளைய முழுங்கிட்டியே"ன்னு. அவ எல்லார் மூஞ்சியையும் மாறி மாறிப் பாக்கா. அவளுக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல. எதுக்குத் தொறந்தேன், எப்பத் தொறந்தேன், ஒண்ணும் தெரியல. "அத்தை, நீங்க சட்டி வச்சிருந்தீங்கள்ல"ன்னு ஒரு தடவை மெதுவாக் கேட்டா. "தலையில அடிபட்டதுல ஒளறுறா"ன்னு செல்லக்கனி சொன்னா. நான் வாயே தொறக்கல. அவள ஒரு வார்த்தை குத்தம் சொன்னதில்ல நான், சாமி சத்தியமா. வாயத் தொறக்காதது ஒரு குத்தமா?

நாலு மாசம் கழிச்சு ஒரு நாள் நாயகம் சாப்பிட உக்காந்தான். மணை ஆடுச்சு. ஒரு பக்கம் மேடு. "என்னம்மா இது"ன்னு மணையப் பெரட்டுனான். அடிப்பக்கத்துல வட்டமா, கருப்பா, சட்டி அளவுக்குச் சுட்ட தடம். நான்தான் அத அன்னைக்கே பெரட்டிப் போட்டிருந்தேன். அவன் அதையே பாத்தான். விரல வச்சு அந்த வட்டத்தச் சுத்தி வந்தான். தட்டுல சோறு ஆறிக்கிட்டே இருக்கு. ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனோ என்னமோ. எந்திரிச்சுக் கையக் கழுவிட்டு, "செண்பகம், துணிய எடு"ன்னான். அன்னைக்கு மத்தியானமே எறங்கிட்டாங்க.

ஒன்பது வருசமா அவளுக்கு ஒண்ணும் தங்கல. பயந்த வயிறு தாயி. ரெண்டு கலைஞ்சுச்சுன்னு கேள்விப்பட்டேன். கேள்விப்படத்தான முடியும் என்னால.

நான் இப்ப தனியாத்தான் இருக்கேன். சட்டி வைக்கிறதில்ல. கரி எனக்கு ஒத்துக்கல, வயசாச்சுல்ல. சன்னலத் தொறந்து போட்டுத்தான் படுக்கேன், பனி விழுந்தாலும். செல்லக்கனி திட்டுவா, "மதினி, ஒரு நாள் வெறச்சுக் கெடக்கப் போறீங்க"ன்னு. வெறச்சா வெறைக்கட்டும். எனக்குத்தான் குளிராதே.

சின்னாறு தாண்டியாச்சா? வெக்கையா இருக்குல்ல. நீ மப்ளர அவுத்துட்ட.

ஏன் தாயி, நீ சயின்ஸ் டீச்சர்தான. ஒண்ணு கேக்கேன். புகையே இல்லாத கங்கு ஆளக் கொல்லுமா? புகை இருந்தா சரி, மூச்சு முட்டும், ஒத்துக்கறேன். ஒரு இழை புகை இல்ல, வாசம் இல்ல, கண்ணெரியல. அது எப்படிக் கொல்லும்?

தலைய ஆட்டாத. வாயால சொல்லு.

ம்.

கதவு சாத்தியிருந்தாத்தான் கொல்லுமா? தொறந்துட்டா?

ம். அப்படியா.

உங்க புஸ்தகத்துல அப்படிப் போட்டிருக்கா. டாக்டரம்மாவும் அதனாலதான் கரி வச்சீங்களான்னு கேட்டிருக்காங்க. நான் அவங்கள, பட்டணத்துல படிச்சுட்டு வந்த பிள்ளைக்கு எங்க குளிரப் பத்தி என்ன தெரியும்னு நெனச்சேன்.

நீ எதுவும் பேச வேண்டாம். தண்ணி இருந்தா ஒரு வாய் குடு.

முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொன்னேன்ல, பிள்ளை கட்டில்ல கெடந்துச்சுன்னு. அது அப்படி இல்ல. எல்லார்கிட்டயும் அப்படியே சொல்லிச் சொல்லி வாயில அப்படியே வந்துருது. பிள்ளை கட்டில்ல இல்ல. அவ கையில இருந்துச்சு. குப்புறக் கெடந்தாள்ல, வலது கைய முன்னால நீட்டிக் கெடந்தா. அந்தக் கையில துணியோட பிள்ளை. நெலைப்படிக்கு வெளிய கொண்டு வந்துட்டா. கெறங்கி, கண்ணு தெரியாம, தவந்து வந்து, தான் பாதி உள்ள கெடந்தாலும் பிள்ளைய முழுசா வெளிய கொண்டு வந்து போட்டிருக்கா.

பிள்ளைக்கு அப்ப மூச்சு இருந்துச்சு தாயி.

ஒதடு அசைஞ்சுச்சு. பாலுக்கு அசைக்கிற மாதிரி. நான் பாத்தேன். பாத்துட்டு, அய்யோ பாவி, வெள்ளப் பனியில பிள்ளையப் போட்டிருக்காளேன்னு வாரி எடுத்தேன். உள்ள ஓடுனேன். கட்டிலுக்கு அடியில இருந்து சட்டிய வெளிய இழுத்து, அதுக்குப் பக்கத்துல பாயில கெடத்தி, கம்பளிய ரெண்டாப் போத்துனேன். சூடு ஏறட்டும்னு. அவ காலப் பிடிச்சு வெளிய தள்ளிட்டு, கதவ இழுத்துச் சாத்துனேன். சாக்கையும் காலால ஒதுக்கி அடைச்சேன். பிறகுதான் கூப்பாடு போட்டேன். இவ மூஞ்சியில தண்ணி தெளிச்சு, ஜீப்பு வந்து, இவளத் தூக்கிப் போட்டு அனுப்ப அரை மணி நேரம் ஆயிருக்கும். அம்புட்டு நேரமும் ஒவ்வொருத்தர்கிட்டயும் சொன்னேன், கதவத் தொறக்காதீங்க, பிள்ளைக்குக் காத்து படும்னு.

யாருக்கும் தெரியாது இது. அவளுக்கும் தெரியாது. நாயகத்துக்கு மணைப்பலகை வரைக்குந்தான் தெரியும். அம்மா சட்டி வச்சா, மறைச்சா, அம்புட்டுதான் அவன் கணக்கு. அதுக்கே ஒன்பது வருசம். அவன் என்ன கேக்கான்? கதவத் தொறந்தது தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லும்மான்னு கேக்கான். லேசான வார்த்தைதான். காலையில இருந்து பஸ்ல வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்துட்டு வந்தேன். நாலு சொல்லு. வருது. ஆனா அவ தொறந்தது தப்பில்லைன்னு நான் சொல்லிட்டா, திருப்பிச் சாத்துனது யாருன்னு அடுத்தாப்புல வருமே தாயி. யாரும் கேக்கலைன்னாலும் எனக்கு வருமே. அந்த வாயோட எப்படிப் பேரனத் தூக்குவேன்?

உடுமலை வந்துருச்சா? இதுதான் ஸ்டாண்டா?

அந்தா நிக்கான். நீலச் சட்டை. நரைச்சுப்போச்சே எம்பிள்ளைக்கு! பக்கத்துல அவ. அவளேதான். தடிச்சிருக்கா, நல்லாயிருக்கா. பிள்ளையயும் தூக்கிட்டு வந்திருக்கா, வெயில்ல, தலையில ஒரு துணி கூட போடாம. எல்லா சன்னலையும் ஒவ்வொண்ணா எட்டிப் பாக்கா. சிரிக்கா தாயி. என்னையத் தேடி சிரிக்கா.

நீ எறங்கு. இந்தப் பைய அவகிட்ட குடுத்துரு. இல்ல, கம்பளி வேண்டாம், அது இங்க இருக்கட்டும், நான் போத்திக்கறேன். பழம் மட்டும் குடு. அம்மா வரல, குளிருக்கு ஒடம்புக்கு முடியலைன்னு சொல்லு. நம்புவாங்க, ஆவுடைக்கும் வயசாச்சுன்னு நம்புவாங்க. கண்டக்டரு இங்கதான் இருப்பாரு, வண்டி திரும்பி மேல போறப்ப நானும் போயிக்கிறேன்.

இந்தப் பக்கம் வர்றா. எறங்குறதுக்கு முன்னாடி அந்த ஷட்டரை எறக்கி விட்டுட்டுப் போ தாயி.

முழுசா எறக்கு. எனக்குக் குளிருது.